ஆர்தர் கின்னஸ்

அயர்லாந்து தேசத்துக் கில்டேர் வட்டாரத்தில் 1725-ஆம் ஆண்டளவில் பிறந்த ஆர்தர் கின்னஸ் என்பார் பெருஞ்செல்வக் குடியினரல்லர். அவர்தம் தந்தையார் ரிச்சர்டு, பிரைஸ் என்னும் பேராயரின் நிலங்களை மேற்பார்த்துவந்த காரியஸ்தர். அப்பேராயர் 1752-இல் மறைந்தபோது, தந்தைக்கும் மைந்தர்க்கும் தலைக்கு 100 பவுன் எழுதிவைத்துச் சென்றார். அதுவே முதலாயிற்று. 1755-இல் லெய்க்ஸ்லிப் என்னும் ஊரில் சிறியதொரு பீர் ஆலையை நடத்தத் தொடங்கிய ஆர்தர், சில ஆண்டுகளில் அதனைத் தம்பியிடம் ஒப்புவித்துவிட்டு டப்ளின் நகரம் புகுந்தார். மதுவை நாம் வேண்டுவோமல்லேம். ஈண்டு அறியத்தக்கது அவர்தம் ஊக்கமே.

அந்நகரின் மேற்கெல்லையில், செயின்ட் ஜேம்ஸ் வாயிலருகே, 4 ஏக்கர் பரப்பில் பாழ்பட்டுக் கிடந்தது ஓர் ஆலை. 1759-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆந் தேதி, ஆண்டொன்றுக்கு 45 பவுன் குத்தகை பேசி, அதனை 9,000 ஆண்டுகளுக்கு எழுதி வாங்கினார். மூன்றாண்டுக் குத்தகைக்கே நெஞ்சு கலங்குவார் உளர். இவரோ ஒன்பதினாயிரத்திற்குக் கையொப்பமிட்டார்!

முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸ் என்னும் பூவிட்டுக் காய்ச்சி, ஆறியபின் நொதிக்கவிடுதலே பீர் செய்யும் முறை. நீரின்றேல் ஆலையே இல்லை. நீருரிமையும் குத்தகையுள் அடங்கியதே என்பது கின்னஸின் வாதம். நகரசபையாரோ, அவர் உரிமைக்கு மிஞ்சி எடுப்பதாகக் குற்றஞ்சாட்டி, 1775-இல் ஷெரீபையும் ஆட்களையும் அனுப்பி வாய்க்காலைத் தூர்க்க முற்பட்டனர். ஐம்பது வயதை எட்டிய அவர், ஆளொருவன் கையிலிருந்த குந்தாலியைத் தாமே பறித்துக்கொண்டு வழிமறித்து நின்றார். முற்றுந் தூர்த்தாலும் உடனே மீள வெட்டுவதாகச் சூளுரைத்தார். அப்பொழுது அவர் வாயினின்று எழுந்தவை சான்றோர் செவிக்கு ஏற்ற சொற்களல்ல. அதனை யாம் பாராட்டவில்லை. எனினும், அன்று அவர் வாளா இருந்திருப்பின் ஆலையின் அடுப்பு அவிந்தே போயிருக்கும். வழக்கு நெடிது நடந்து, 1784-இல், ஆண்டுக்கு 10 பவுன் செலுத்தி நீர் பெறுவதென்னும் உடன்பாட்டில் முடிந்தது.

இதற்கிடையே, லண்டனிலிருந்து வந்திறங்கிய போர்ட்டர் என்னும் கரிய பீர் டப்ளின் கடைகளில் மிக விலைபோதல் கண்டு, அதனைத் தாமும் காய்ச்சத் தொடங்கினார். 1795-இல் அயர்லாந்தில் பீருக்குரிய தீர்வை நீங்கியது பெருந்துணையாயிற்று. 1799-இல் பழைய ஏல் வகையை அறவே விடுத்துப் போர்ட்டர் ஒன்றையே கைக்கொண்டார்.

1761-இல் அவரை மணந்த ஒலிவியா அம்மையார் ஈன்ற மக்கள் இருபத்தொருவர். வளர்ந்து ஆளானவர் பதின்மரே. 1803-ஆம் ஆண்டு ஜனவரியில் கின்னஸ் காலமாக, அவர் பெயரையே தாங்கிய மைந்தர் ஆலையின் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் கம்பெனியார் அந்நிலத்தை விலைக்கே வாங்கிவிட்டமையால், ஒன்பதினாயிரமாண்டுக் குத்தகை இடையிலேயே தேவையற்றதாயிற்று.