வடலூர் வள்ளலார்

தைப்பூசத் திருநாளில் வெள்ளித்தேர் பினாங்கு நகர வீதிகளில் பவனி வருவதை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கிறோம். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்கள். அங்குச் சோறு பெற வருவோரை, நீ எக்குலம் என்று எவரும் வினவுவதில்லை. இஃது இயல்பே என்று இளம் மாணவர்கள் எண்ணக்கூடும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தமிழகத்தில் பந்தியில் யார் எங்கு அமர்வது என்பதைச் சாதியே முடிவு செய்தது. நம் பாட்டன்மார் காலத்துத் தோட்டங்களிலும் சாதிக்கொரு லயமாகப் பிரிந்து வாழ்ந்ததை முதியோர் அறிவர். அத்தகைய காலத்தில் வேறோர் எண்ணத்துடன் வாழ்ந்தவரே இராமலிங்க அடிகளார். மக்கள் அவரை வள்ளலார் என்று போற்றுகின்றனர்.

அடிகளார் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தை இராமையா, தாய் சின்னம்மை. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து அனைவரையும் காத்தார். தம்பியோ பாடம் படிக்காமல் கந்தகோட்டத்து முருகன் திருமுன் நின்று பாடிக்கொண்டிருப்பார். (நம் மாணவர்கள் இதனை மட்டும் பின்பற்ற வேண்டா!) ஒருநாள் தமையனார் உடல்நலம் குன்றியபோது, அவருக்குப் பதிலாகச் சென்ற தம்பி ஆற்றிய உரையைக் கேட்டுச் சான்றோர் வியந்தனர்.

1858இல் அடிகளார் சென்னையை நீங்கிக் கருங்குழி என்னும் சிற்றூரில் தங்கினார். சுற்றுப்புறச் சிற்றூர்களில் பசியின் கொடுமையைக் கண்டார். வயிற்றுப்பாட்டுக்கு வழியின்றி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும், செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் வந்திறங்கிய காலம் அது. ஊரிலேயே தங்கிவிட்ட ஏழையருக்கு அடுப்பு மூட்டுவார் யார்? வடலூர்ப் பகுதி மக்கள் அளித்த நிலத்தில் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே சாதி இல்லை, சமய வேறுபாடு இல்லை. பசித்து வந்தவர் எவராயினும் உண்ணலாம். பசி தீர்ப்பதையே வழிபாடாக அவர் கொண்டார்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. அவருடைய பாடல்களை அருட்பா எனக் கூறலாகாதென்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் வாதிட்டார். அவ்வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது.

ஆயினும் அடிகளார் வாழ்வில் நாம் பெரிதும் வியப்பது வேறொன்று. இளமையில் அவர் ஆழ்ந்த சைவப்பற்று உடையவர். சைவ நாயன்மாரைப் பாடிப் பாடி உருகியவர். பிற்காலத்தில் அப்பற்றையும் தாமே கைவிட்டார். முன்னர்த் தமக்கிருந்த பற்று அளவற்றது என்பதை அன்பர்கள் முன்னிலையில் மறைக்காமல் எடுத்துரைத்தார். 1865இல் தாம் நிறுவிய சமரச வேத சன்மார்க்க சங்கத்தின் பெயரையும் 1872இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றினார். வேதம் என்னும் சொல் பெயரிலிருந்து நீங்கியது. ஐம்பது வயதை எட்டும் நிலையில், புகழும் அன்பர் கூட்டமும் சூழ்ந்திருக்கும்போது, தம் கருத்தை மாற்றிக்கொள்ள எத்தனை பேர் துணிவர்? நெருங்கிய அன்பர்க்கே அது எளிதாய் இருக்கவில்லை போலும். சாதி சமயங்களைக் கடிந்து பாடிய ஆறாம் திருமுறை, அவர் மறைவுக்குப் பின் 1885இல்தான் அச்சேறியது.

1872இல் வடலூரில் எண்கோண வடிவில் சத்திய ஞானசபை எழுந்தது. அங்கே சிலை இல்லை. ஏழு திரைகளை நீக்கி ஒளியையே வணங்குவர். மறு ஆண்டே அடிகளார் சபையைப் பூட்டிவிட்டார். தாம் எண்ணியவாறு மக்கள் நடக்கவில்லை என்னும் வருத்தம் அவருக்கு இருந்தது. ஆனால் தருமச்சாலை அடுப்பை மட்டும் அணையவிடவில்லை.

1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், மேட்டுக்குப்பத்தில் தம் அறைக்குள் சென்று அடிகளார் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். அவர் ஒளியிற் கலந்தார் என்பது அன்பர்தம் நம்பிக்கை. அன்றும் தைப்பூசமே.

நாம் தண்ணீர்மலையில் கூடும் அதே தைப்பூசத்தன்று வடலூரில் ஏழு திரைகள் நீக்கப்படுகின்றன. அவ்வூர்த் தருமச்சாலையில் 1867இல் மூட்டிய அடுப்பில் இன்றும் சோறு வேகிறது.