முச்சுருள் கண்ட மேதை கோ. நா. இராமச்சந்திரன்

தீப்பெட்டித் தொழிலில் பழகிய கைகளுக்கு வச்சிரம் புதிய பொருளன்று. தீக்குச்சியின் முனையில் மருந்தைப் பற்றி நிறுத்துவது அப்பசையே. விலங்கின் தோலையும் எலும்பையும் தசைநாரையும் நீரிலிட்டு நெடுநேரம் காய்ச்சி எடுக்கப்படும் வச்சிரத்திற்கு மூலமாய் அமைந்தது கொலாஜன் என்னும் புரதமாகும். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகவே அப்பெயரும் பிறந்தது. மனித உடலில் உள்ள புரதங்களுள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இதுவே. தோலுக்கு உறுதியும், எலும்புக்கு வலிமையும், ஆறிய புண்ணுக்குத் தழும்பும் தருவது இது. வெடி மருந்தோடும் நெருப்போடும் நாளும் பழகும் தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்தில், தோல் என்பது வெறும் போர்வையன்று. உயிர்காக்கும் கவசம் என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அக்கவசத்தின் உள்ளமைப்பை உலகுக்கு முதன்முதல் தெளிவுறக் காட்டிய அறிவியலறிஞர், சென்னையில் இருந்து பணியாற்றிய தமிழர் என்பது எண்ணி மகிழத்தக்கது. அவரே பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் நாராயண ஐயர் எர்ணாகுளம் மகாராசர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். தாயார் இலட்சுமி அம்மாள். இளமையிலேயே தந்தையிடம் கணக்குப் பயின்ற பழக்கம் அவர்தம் வாழ்நாள் முழுவதும் துணைநின்றது. பின்னாளில் உயிரியல் வினாக்களையும் அவர் கணக்காகவே கண்டார். கோணங்களாகவும் தொலைவுகளாகவும் மாற்றிய பின்னரே அவற்றுக்கு விடை தேடினார்.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்டம் பெற்ற அவர், 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமனின் பார்வை அவர்மீது விழுந்தது. இளைஞரின் ஆற்றலை அறிந்த இராமன் அவரைத் தம் இயற்பியல் துறைக்கே அழைத்துக்கொண்டார். படிகங்களின் ஒளியியல் பண்புகளையும், எக்ஸ் கதிர்கள் படிகத்தில் பட்டுச் சிதறும் முறையையும் ஆராய்ந்து, 1947இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அறிவியல் முதுமுனைவர்ப் பட்டத்தைப் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஊஸ்டர் என்பாரின் கீழ் ஆய்வு செய்து, 1949இல் மீண்டும் ஒரு முனைவர்ப் பட்டத்துடன் தாயகம் திரும்பினார்.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடம்

1952இல், முப்பது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. இராமனின் பரிந்துரையும் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியாரின் ஆதரவும் அதற்குக் காரணமாயின. கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுக்கூடம் ஒன்று உருவாயிற்று. அவ்வாண்டில் சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னல், கொலாஜனின் அமைப்புப் பற்றி அதுவரை வெளிவந்த கருத்துகளுள் எதுவும் நிறைவளிப்பதாக இல்லை என்று சுட்டிக்காட்டினார். இராமச்சந்திரன் அவ்வினாவைக் கையிலெடுத்தார். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜனுக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. அடையாற்றில் இயங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளாய்க் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. கொலாஜனில் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்பது வேதியியலார் அறிந்திருந்த செய்தி. அமினோ அமிலங்களுள் மிகச் சிறியது கிளைசின். ஏன் இத்துணைக் கிளைசின் என்ற வினாவுக்கு விடையாக, கோபிநாத் கர்த்தா என்னும் தம் மாணவரோடு சேர்ந்து, 1954இல் அவர் ஓர் அமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் இணைந்து செல்கின்றன; அவை கூடும் உட்புறத்தில் பெரிய அமிலத்திற்கு இடமில்லை; ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசினே அமைய வேண்டும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கேறியுள்ளன எனத் திருத்தம் செய்தார். கயிறு திரிப்போர் புரியை ஒரு பக்கமும் கயிற்றை மறுபக்கமும் முறுக்குவது முறுக்கு அவிழாதிருத்தற் பொருட்டாம். கொலாஜனிலும் தனிச் சங்கிலி இடப்புறமாகச் சுழல, மூன்றும் கூடிய கயிறு வலப்புறமாகத் திருகுகிறது.

மறுப்பும் மறுமொழியும்

புகழோடு மறுப்பும் வந்தது. 1955இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் கொலாஜனுக்குச் சற்றே வேறுபட்ட அமைப்பை வெளியிட்டனர். மும்மூன்று அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரசன் பிணைப்புகள் என்பது சென்னையின் கருத்து. ஒன்றே என்பது அவர்தம் கருத்து. சென்னை அமைப்பில் சில அணுக்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்ற குறையும் கூறப்பட்டது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளைக் கண்ட கிரிக்கின் சொல்லுக்கு உலகம் செவிசாய்த்த காலம் அது. புதிதாய் எழுந்த ஓர் இந்திய ஆய்வுக்கூடத்தின் மதிப்பே கேள்விக்கு உள்ளாயிற்று.

அந்நிலையில் இராமச்சந்திரன் சொற்போரில் இறங்கிக் காலம் கழிக்கவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை முடிவு செய்வது எது என்று வினவினார். அதுவரை படிகங்களில் அளந்து வெளியிடப்பட்டிருந்த தொலைவுகளையெல்லாம் தம் மாணவர்களைக் கொண்டு தொகுத்தார். வழக்கமாகக் காணப்படும் எல்லை ஒன்று, அரிதாகவே எட்டப்படும் கீழெல்லை மற்றொன்று என இரு வரம்புகள் கிடைத்தன. அவ்வரம்புகளைக் கொண்டு, வே. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு வளையலாம் என்று கணக்கிடத் தொடங்கினார்.

சங்கிலியின் ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய கணுக்கள் இரண்டே. அத்திருகு கோணங்கள் ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒன்றைக் கிடையச்சிலும் மற்றொன்றை நெட்டச்சிலும் குறித்தால், அணுக்கள் முட்டிக்கொள்ளாத இடங்கள் சிறு தீவுகளாகத் தோன்றும். எஞ்சிய பெரும்பரப்பு விலக்கப்பட்டது. 1963இல் வெளிவந்த அவ்வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்றே வழங்குகிறது. மூலக்கூற்று உயிரியல் பாடநூல்களுள் அது இடம்பெறாதது அரிது. கொலாஜனைக் காக்கப் புறப்பட்ட கணக்கு, எல்லாப் புரதங்களுக்கும் பொதுவான இலக்கணமாய் முடிந்தது. எழுத்துகள் எவ்வெவ்வாறு மயங்கலாம், எவை மயங்கா என்று வரையறுக்கும் இலக்கண மரபை அறிந்தோர்க்கு இவ்வரைபடத்தின் அருமை எளிதில் விளங்கும்.

மறுப்பின் முடிவையும் கூறுதல் முறை. 1994இல், கொலாஜனைப் போன்ற சிறு புரதத் துண்டு ஒன்று படிகமாக்கப்பட்டு நுணுக்கமாக அளக்கப்பட்டது. முச்சுருள் என்னும் அடிப்படை உறுதியாயிற்று. நேரடிப் பிணைப்பு மும்மூன்றுக்கு ஒன்றே என்பதும் தெளிவாயிற்று. அதனோடு, நீர் மூலக்கூறுகள் பாலமாய் நின்று சங்கிலிகளைப் பிணைப்பதும் புலனாயிற்று. ஹைட்ராக்சிபுரோலின் என்னும் அமிலம் நீர்ப்பாலத்தின் வழியே உறுதி தருகிறது என்று 1973இல் இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும் கருதுகோள் ஒன்றை முன்வைத்திருந்தனர்.

உயிரணு என்னும் ஆலை

இந்த அமிலம் உயிரணுவுக்குள் எங்ஙனம் உண்டாகிறது என்பது தனிக்கதை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு, மருந்து செலுத்தும் அறை வேறு, உலர்த்தும் மேடை வேறு, பொதி கட்டும் அறை வேறு. உயிரணுவும் அவ்வாறே பணிகளைப் பிரித்து நடத்துகிறது. ரைபோசோம் சங்கிலியைக் கோக்கிறது. சங்கிலியின் தொடக்கத்தில் உள்ள சில மணிகள் முகவரிச் சீட்டைப் போல அதனை அகப்பிளாச வலைக்குள் செலுத்துகின்றன. உள்ளே நுழைந்ததும் சீட்டு வெட்டப்படுகிறது. அங்கே நொதி ஒன்று புரோலினை ஹைட்ராக்சிபுரோலினாக மாற்றுகிறது. இதற்கு வைட்டமின் சி இன்றியமையாதது. அது குறைந்தால் முச்சுருள் உடல் வெப்பத்திலேயே குலைந்துபோம், ஈறுகளில் குருதி கசியும், புண் ஆறாது. நெல்லிக்கனியின் பெருமைக்கு வேதியியல் காரணங்களுள் இஃதொன்று. பின்னர் மூன்று சங்கிலிகளும் ஒரு முனையிலிருந்து முறுக்கேறி, கோல்கி உறுப்பைக் கடந்து, உயிரணுவுக்கு வெளியே அடைகின்றன. வெளியே முனைகள் நறுக்கப்பட்டு இழைகளாய்த் திரள்கின்றன.

உயிரணுவின் சவ்வில் பதியும் புரதங்களுக்கும் பெரும்பாலும் இதே பாதைதான். வேறுபாடு ஒன்றுண்டு. நீரை வெறுக்கும் இருபது மணியளவான பகுதி ஒன்று சங்கிலியின் இடையே இருந்தால், அது வலையின் சவ்விலேயே தங்கிவிடும். சர்க்கரைத் துணுக்குகள் ஒட்டப்பெற்று, சவ்வாலான சிறு பைகளில் ஏறி, அப்பை உயிரணுவின் மேற்சவ்வோடு கலக்கும்போது புரதமும் அங்கே நிலைபெறும். இப்பாதையை ஆராய்ந்தோர்க்கு 1974, 1999, 2013ஆம் ஆண்டுகளில் நோபல் பரிசுகள் கிடைத்தன. கொலாஜன் வகைகளுள் பதினேழாவது வகை இவ்வாறு சவ்வை ஊடுருவி நிற்பதாகும். மேல்தோலை அடித்தோலோடு பிணைத்து வைப்பனவற்றுள் அதுவும் ஒன்று. அது பழுதுற்றுப் பிறந்த குழந்தையின் தோல் சிறு உராய்விலும் கொப்புளமாய்க் கிளம்பிவிடும். முச்சுருளின் ஒரு பிழை எத்துணைத் துன்பம் தரும் என்பதற்கு இதுவே சான்று.

பிற்காலமும் மறைவும்

இராமச்சந்திரனின் அறிவு ஒரு துறையோடு நின்றதன்று. 1971இல் அ. வெ. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, எக்ஸ் கதிர் நிழற்படங்களிலிருந்து பொருளின் உள்ளுருவை மீட்டமைக்கும் கணித முறையை வெளியிட்டார். மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் என வழங்கும் கருவியின் கணக்கியல் வளர்ச்சியில் அதற்குச் சிறப்பிடம் உண்டு. சென்னையை விட்டு நீங்கிய பின், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். 1961இல் பட்நாகர் பரிசும், 1977இல் இலண்டன் அரசுக் கழக உறுப்பினர் என்னும் சிறப்பும், 1999இல் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்டு பரிசும் அவரை வந்தடைந்தன. நோபல் பரிசு மட்டும் வாய்க்கவில்லை.

முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. இல்லறத் துணைவியார் இராசலட்சுமி 1998இல் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இராமச்சந்திரன் இயற்கை எய்தினார்.

அவர் விட்டுச் சென்ற வரைபடம் ஓய்வு பெறவில்லை. உயிரணுச் சவ்வில் பதிந்த புரதமாயினும், வெளியே உலவும் புரதமாயினும், புதிதாய் ஒன்றன் அமைப்பை வெளியிடுவோர் அதன் கோணங்களை அவ்வரைபடத்தில் இட்டுச் சரிபார்க்கின்றனர். விலக்கப்பட்ட பரப்பில் புள்ளிகள் மிகுந்தால் மீண்டும் கணக்குப் பார்க்கின்றனர். அவருக்குக் கொலாஜன் கிடைத்த அதே தோல் ஆராய்ச்சி நிலையம், தீப்புண்ணை மூடிக் காக்கும் கொலாஜன் படலங்கள் பற்றியும் பிற்காலத்தில் ஆய்வு நடத்தியது. குறை கூறப்பட்டபோது சினங்கொள்ளாமல் அளவுகோலையே தேடிச் சென்ற ஒருவரின் பொறுமை, உலகத்துக்கு இலக்கணமாகவும், வெந்த தோலுக்கு மருந்தாகும் அறிவுக்கு அடித்தளமாகவும் அமைந்தது. கந்தக பூமியில் கல்வி பயிலும் இளையோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய வாழ்வு இது.