விஞ்ஞான மேதை ஜி.என். இராமச்சந்திரன்

நம் காஞ்சி மாநகரில் பட்டு நூலை முறுக்கேற்றிய பின்னரே தறிக்குக் கொண்டு செல்வர். முறுக்கில்லா இழை எளிதில் அறுந்துவிடும் என்பதை நெசவாளர் வீட்டுச் சிறுமியும் அறிவாள். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் அவ்வாறே முறுக்கிய இழைகளால் ஆனது. அந்த முறுக்கைக் கண்டறிந்தவர் ஜி.என். இராமச்சந்திரன் ஆவார்.

1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். (சேசு சபைக் குருக்களின் கல்லூரி என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி!) பெங்களூருக்கு மின்பொறியியல் படிக்கச் சென்றவரைச் சர் சி.வி. இராமன் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் சென்று திரும்பியபின், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார்.

தசைநாணின் முக்கியப் புரதம் கொலாஜன். கங்காரு வால் தசைநாணின் மீது எக்ஸ்ரே கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்த அவரும் கோபிநாத் கர்த்தாவும், மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கியிருப்பதே கொலாஜன் என்று 1954இல் அறிவித்தனர். அடுத்த ஆண்டே பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும், அந்த அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளதாகக் குறை கூறினர். கிரிக்கோ டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்டு உலகப் புகழ் பெற்றவர்! வேறொருவராயின் சோர்ந்திருப்பார். இவரோ அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். அதன் பயனாக 1963இல் பிறந்ததுதான், புரத ஆய்வாளர் அனைவரும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடம்.

1971இல் இலட்சுமிநாராயணனுடன் இன்னொரு வழியும் கண்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளுறுப்பின் படத்தைக் கணக்கிட்டுப் பெறும் சுருக்கமான வழி அது. சி.டி. ஸ்கேனுக்கு அது பெரிதும் பயன்பட்டது. எம்.ஆர்.ஐ.யின் தொடக்கப் படங்களும் பல கோணப் பதிவுகளைச் சேர்த்தே உருவாக்கப்பட்டன.

விரலில் தசைநாணை ஒட்டி ஒரு கட்டி வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். கட்டி சரியாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. கருவியோ காந்தத்தையும் ரேடியோ அலைகளையும் கொண்டு, உடலிலுள்ள நீரின் குறிப்பை வாங்கிப் படமாக்குகிறது. தசைநாணில் கொலாஜன் இழைகள் நெருக்கமாக நீரைப் பிடித்துக்கொள்வதால் குறிப்பு உடனே மங்கிவிடும். தசைநாண் கரும்பட்டையாகத் தோன்றும். அதனருகே பெரும்பாலான கட்டிகள் வெளிர்நிறமாகத் தனித்துத் தெரியும். பழைய இரத்தக் கசிவின் இரும்புச் சத்து படிந்த சில கட்டிகள் மட்டும் கறுத்தே இருக்கும். கட்டி தசைநாணைத் தொட்டு நிற்கிறதா, சுற்றி வளைத்திருக்கிறதா என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவர் அறியலாம். விரலை நம்பிப் பிழைக்கும் நெசவாளருக்கு இது சிறிய செய்தியா? தசைநாண் உறையில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல என்பதும் ஆறுதலே. ஆயினும் ஐயமிருந்தால் சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தே முடிவு கூறுவர்.

நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவேயில்லை. என் மனத்துக்கு அது குறையாகவே படுகிறது. 1998இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தார். பார்க்கின்சன் நோயும் அவரை வாட்டியது. 1999இல் படிகவியலின் உயரிய இவால்ட் பரிசு கிடைத்தது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் அமரரானார்.