சுழல்வழி மாளிகையைத் தேடியவர்

கிரீட் தீவின் மினோஸ் மன்னன் கட்டுவித்த சுழல்வழி மாளிகையையும், அதில் அடைபட்டிருந்த காளைத்தலை மனிதன் மினோட்டாரையும் கிரேக்கப் புராணக் கதைகளில் படித்திருக்கிறோம். அக்கதை பிறந்த மண்ணை அகழ்ந்து உலகுக்குக் காட்டியவர் சர் ஆர்தர் ஈவான்ஸ்.

1851-இல் இங்கிலாந்தில் பிறந்த இவருக்குத் தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரியமாட்டா. ஆயினும் சின்னஞ்சிறு முத்திரைக் கற்களைக் கண்ணருகே வைத்து, அவற்றில் புரியாத எழுத்துக்கள் இருப்பதைக் கண்டார். 1893-இல் அன்பு மனைவியை இழந்தார். துயரில் துவளாமல், மறு ஆண்டே அவ்வெழுத்துக்களைத் தேடிக் கிரீட் சென்றார். சொந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1900 மார்ச் 23-இல் நொசோஸில் அகழத் தொடங்கினார். எண்ணற்ற அறைகளும் நடைவழிகளும் கொண்ட அரண்மனை வெளிப்பட்டது. காளையின் மீது தாவும் வீரரின் சுவரோவியமும் கிடைத்தது.

அங்குக் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தை மட்டும் அவரால் இறுதிவரை படிக்க இயலவில்லை. 1941-இல், 90 வயது நிறைந்த மூன்றாம் நாள் மறைந்தார். ஆனால் 1936-இல் லண்டன் கண்காட்சியில் அவர் விளக்கத்தைக் கேட்ட 14 வயது மாணவர் மைக்கேல் வென்ட்ரிஸ், 1952-இல் அதைப் படித்துக் காட்டினார். அது பழைய கிரேக்கமே! அப்பலகைகளுள் ஒன்று, சுழல்வழி மாளிகையின் தலைவிக்கு அளித்த ஒரு சாடி தேனைக் குறிப்பதாக அறிஞர் கூறுவர்.

மினோட்டாரை வென்ற தீசியஸ் வெளிவர, அரியாட்னி தந்த நூல் உதவியது. அறிவுலகிலும் ஒருவர் விட்டுச் சென்ற நூலை மற்றவர் பற்றியே நாம் வழி காண்கிறோம்.