லியோ ஃபென்டர்

லியோ ஃபென்டர் என அறியப்படும் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபென்டர் (ஆகஸ்ட் 10, 1909 – மார்ச் 21, 1991) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இசைக்கருவி வடிவமைப்பாளரும் தொழில் முனைவோரும் ஆவார். டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஆகிய மின்கித்தார்களும் பிரிசிஷன் பேஸ் என்னும் மின் தாழ்சுரக் கித்தாரும் இவரது நிறுவனத்தில் உருவானவை. அக்கருவிகளின் ஒலியைப் பெருக்கும் வெற்றிடக் குழல் மிகைப்பிகளும் அவற்றுக்கு இணையான புகழை இவருக்குத் தந்தன. இவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. மின்னணுவியலில் முறையான பட்டமும் இல்லை. எனினும், சிறிய மிகைப்பி ஒன்றுக்கு எந்தத் திறன் குழல், எவ்வளவு பெரிய ஒலிபெருக்கி, எத்தகைய பெட்டி என்பதில் இவர் வகுத்த சேர்க்கைகள் இவரது மறைவுக்குப் பின்னரும் பின்பற்றப்பட்டு வருகின்றன.

இளமை

ஃபென்டர் கலிபோர்னியா மாநிலத்தில் அனகைம், ஃபுல்லர்டன் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர். எட்டு வயதில் கட்டி ஒன்றின் காரணமாக இவரது இடக்கண் அகற்றப்பட்டு, கண்ணாடிக் கண் பொருத்தப்பட்டது. பதின்ம வயதின் தொடக்கத்தில், வாகன மின்பணிக் கடை நடத்திய மாமா ஒருவர் வானொலி உதிரிப்பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்றை இவருக்கு அனுப்பினார். பின்னர் சாண்டா மரியாவில் இருந்த அக்கடைக்குச் சென்றபோது, மாமா தாமே செய்து வைத்திருந்த வானொலியின் உரத்த ஒலி சிறுவனை ஈர்த்தது. அதன்பின் வீட்டிலேயே வானொலிகளைப் பழுது பார்க்கத் தொடங்கினார்.

1928-இல் பள்ளிப் படிப்பை முடித்து, ஃபுல்லர்டன் இளநிலைக் கல்லூரியில் கணக்கியல் பயின்றார். பனிக்கட்டி நிறுவனம் ஒன்றிலும், பின்னர் மாநில நெடுஞ்சாலைத் துறையிலும் பணியாற்றினார். 1934-இல் எஸ்தர் கிளாஸ்கி என்பவரை மணந்தார். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையை இழந்தார்.

பழுதுபார்ப்புக் கடை

1938-இல் 600 டாலர் கடன் பெற்று, ஃபுல்லர்டனில் ஃபென்டர் வானொலிச் சேவை என்னும் கடையைத் திறந்தார். வானொலிகளுடன் இசைக்குழுக்களின் மிகைப்பிகளும் ஒலிபரப்புக் கருவிகளும் இங்கே பழுதுக்கு வந்தன. எந்த உறுப்பு விரைவில் கெடுகிறது, எந்த இணைப்பு அதிர்வில் விடுபடுகிறது என்பனவற்றை இவர் இக்கடையிலேயே கற்றார். பின்னாளில் இவரது வடிவமைப்பில் காணப்பட்ட எளிமைக்கு இந்த அனுபவமே அடிப்படை ஆகும்.

கண் குறைபாடு காரணமாக இரண்டாம் உலகப் போரில் இவர் படைக்கு அழைக்கப்படவில்லை. இசைஞரும் கருவி வடிவமைப்பாளருமான டாக் காஃப்மனுடன் இணைந்து 1945-இல் கே அண்டு எஃப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கித்தாரையும், அதனுடன் சேர்த்து விற்கச் சிறிய மிகைப்பியையும் இந்நிறுவனம் தயாரித்தது. 1946-இல் காஃப்மன் விலகினார். ஃபென்டர் தமது பெயரிலேயே தொழிலைத் தொடர்ந்தார்.

திறன் குழல்களின் தேர்வு

வால்வு எனப் பொதுவாக அழைக்கப்படும் வெற்றிடக் குழல்கள் மிகைப்பியில் இரு நிலைகளில் பயன்படுகின்றன. முன்மிகைப்புக் குழல் கித்தாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. திறன் குழல் ஒலிபெருக்கியை இயக்கத் தேவையான ஆற்றலை அளிக்கிறது. ஃபென்டர் பெரிதும் பயன்படுத்திய திறன் குழல்கள் 6வி6, 6எல்6 ஆகிய இரண்டுமாகும். இரண்டும் 1936-இல் அறிமுகமானவை. வானொலித் துறையில் எளிதில் கிடைத்தவை. எட்டு முள் கொண்ட ஒரே வகை அடிப்பாகம் உடையவை. 6.3 வோல்ட் இழைச் சூடேற்றத்திற்கு 6வி6 குழல் 0.45 ஆம்பியர் மின்னோட்டத்தையும், 6எல்6 குழல் அதைப்போல் இரு மடங்கையும் எடுத்துக்கொள்கின்றன. எனவே 6வி6 குழலைத் தேர்ந்தால் மின்மாற்றி சிறிதாகிறது; எடையும் விலையும் குறைகின்றன.

1950-களின் பிற்பகுதியில் வெளிவந்த சில மாதிரிகளின் அமைப்பு பின்வருமாறு:

- சாம்ப்: ஒரு 6வி6 குழல், 8 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, சுமார் 5 வாட்
- டீலக்ஸ்: இரு 6வி6 குழல்கள், 12 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, சுமார் 15 வாட்
- பேஸ்மேன்: 6எல்6 வகையைச் சார்ந்த இரு 5881 குழல்கள், 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு, சுமார் 40 வாட்
- ட்வின்: நான்கு 5881 குழல்கள், 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு, சுமார் 80 வாட்

சாம்ப் மிகைப்பியில் ஒரே குழல் ஒலி அலையின் இரு பாதிகளையும் கையாளுகிறது. டீலக்ஸ் மிகைப்பியில் இரு குழல்கள் அவ்வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொள்வதால் கூடுதல் திறன் கிடைக்கிறது. 1963-இல் வந்த டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரியின் சுற்றுப்படத்தில் 6வி6 குழலின் நேர்மின்வாய்க்குச் சுமார் 415 வோல்ட் குறிக்கப்பட்டிருந்தது. இது குழல் உற்பத்தியாளர்கள் வகுத்த வரம்பைக் காட்டிலும் அதிகம். அக்காலக் குழல்கள் இதனைத் தாங்கின. இத்தகைய மிகைப்பியில் குழலை மாற்றுவோர், இவ்வழுத்தத்தைத் தாங்கும் 6வி6 குழலைத் தேர்வது இன்றியமையாதது.

ஒலிபெருக்கியும் பெட்டியும்

வாட் அளவு இரட்டிப்பானால் ஒலியளவு இரட்டிப்பாவதில்லை. 3 டெசிபெல் மட்டுமே உயர்கிறது. காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பு தோன்ற 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன், தேவைப்படும். ஆகவே சிறிய மிகைப்பியில் குழலைக் கூட்டுவதைவிட, உணர்திறன் மிக்க ஒலிபெருக்கியைப் பொருத்துவது சிக்கனமானது. ஒலிபெருக்கியின் மின்தடுப்பும் வெளியீட்டு மின்மாற்றிக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். பேஸ்மேன் மிகைப்பியில் 8 ஓம் ஒலிபெருக்கிகள் நான்கும் பக்க இணைப்பில் அமைந்து, மொத்தம் 2 ஓம் சுமையைத் தந்தன.

ஃபென்டர் அக்காலத்தில் பெரும்பாலும் ஜென்சன் நிறுவனத்தின் ஒலிபெருக்கிகளைப் பயன்படுத்தினார். பெட்டிகள் பைன் மரப்பலகைகளால் ஆனவை. மூலைகள் விரல்கள் கோத்ததுபோல் ஒன்றில் ஒன்று செருகி ஒட்டப்பட்டன. மேலே பயணப்பெட்டிகளுக்குப் பயன்படும் முரட்டுத் துணி ஒட்டப்பட்டது. எந்தக் குழல் எந்த இடத்தில் செருகப்பட வேண்டும் என்பதைக் காட்டும் தாள் ஒன்று பெட்டியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது.

பெட்டியின் பின்புறம் ஓரளவு திறந்தே இருக்கும். இதனால் குழல்களின் வெப்பம் வெளியேறுகிறது. குழலை மாற்றுவதும் எளிது. ஆனால் ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கிக் காற்றைத் தள்ளும்போது பின்புறக் காற்றை உள்ளிழுக்கிறது. திறந்த பெட்டியில் இவ்விரு அலைகளும் சந்தித்து, தாழ்ந்த அதிர்வெண்களில் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்கின்றன. பெட்டி சிறிதாகும் அளவுக்கு இவ்விழப்பும் கூடுகிறது. மறுபுறம், ஒலி பின்னாலும் பரவுவதால் அறை முழுவதும் நிரம்பியதுபோல் தோன்றுகிறது. மூடிய பெட்டியில் தாழ்சுரங்கள் இறுக்கமாகவும், ஒலி முன்னோக்கியும் அமைகின்றன.

தூய ஒலிக்கான முயற்சி

ஃபென்டர் மாலை வேளைகளில் நடன அரங்குகளுக்குச் சென்று, தமது கருவிகள் வாசிக்கப்படும் முறையைக் கவனித்தார். இசைஞர்கள் கூறிய குறைகள் அடுத்த மாதிரியில் திருத்தப்பட்டன. அவர்கள் மேலும் உரத்த, தெளிவான ஒலியைக் கேட்டனர். குழல்கள் தமது எல்லையைத் தொடும்போது அலையின் முகடுகள் வெட்டப்பட்டு ஏற்படும் ஒலித் திரிபை ஃபென்டர் ஒரு குறைபாடாகவே கருதினார். பெரிய மின்மாற்றிகள், கூடுதல் குழல்கள், வலிய ஒலிபெருக்கிகள் ஆகியவற்றின் மூலம் அதனைக் குறைக்க முயன்றார்.

இம்முயற்சியின் உச்சம் கித்தார் கலைஞர் டிக் டேல் அவர்களுக்காக உருவானது. கலிபோர்னியாவின் பால்போவாவில் இருந்த ரான்டெவூ அரங்கில் இவர் வாசித்த வேகத்தில் ஒலிபெருக்கிகள் தொடர்ந்து பழுதாகின. ஃபென்டரும் அவரது உதவியாளர் ஃப்ரெடி தவாரெசும் நேரில் சென்று பார்த்து, ஷோமேன் என்னும் மிகைப்பியை வடிவமைத்தனர். இதில் 15 அங்குல ஜேபிஎல் ஒலிபெருக்கி மூடிய தனிப்பெட்டியில் வைக்கப்பட்டது.

ஆனால் இசை வேறு திசையில் சென்றது. புளூஸ், ராக் கலைஞர்கள் சிறிய மிகைப்பிகளை முழு அளவில் வைத்து, ஃபென்டர் நீக்க விரும்பிய திரிபையே தமது குரலாக ஆக்கிக்கொண்டனர். இலண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல் பேஸ்மேன் சுற்றைத் தழுவித் தமது முதல் மிகைப்பியை உருவாக்கினார். 10 அங்குல ஒலிபெருக்கிகளும் திறந்த பெட்டியும் இருந்த இடத்தில், மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஷன் ஒலிபெருக்கிகள் அமைந்தன. ஏறத்தாழ அதே சுற்று முற்றிலும் வேறான ஒலியைத் தந்தது. மிகைப்பியின் தன்மையைப் பெட்டியும் ஒலிபெருக்கியும் எவ்வளவு மாற்றும் என்பதற்கு இது சிறந்த சான்றாகும். 1970-இல் எரிக் கிளாப்டன் லைலா பாடல்தொகுப்பின் ஒலிப்பதிவில் சாம்ப் மிகைப்பியைப் பயன்படுத்தினார். பயிற்சி மாணவர்களுக்காக விற்கப்பட்ட 5 வாட் கருவி அது.

நிறுவன விற்பனை

1950-களின் நடுப்பகுதி முதல் ஃபென்டர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நோய்த்தொற்றால் துன்புற்றார். நீண்ட காலம் வாழ இயலாது எனக் கருதி, 1965 ஜனவரியில் நிறுவனத்தை 1.3 கோடி டாலருக்குக் கொலம்பியா ஒலிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். அதன்பின் வேறொரு மருத்துவரின் சிகிச்சையில் அந்நோய் குணமானது. ஆனால் போட்டித் தொழிலில் ஈடுபடக்கூடாது என்னும் ஒப்பந்தம் பத்தாண்டுகளுக்கு இவரைக் கட்டுப்படுத்தியது. புதிய உரிமையாளர் 1966-இல் வெளியிட்ட டிரான்சிஸ்டர் மிகைப்பிகள் இசைஞர்களிடையே வரவேற்பைப் பெறவில்லை.

பிற்காலம்

1975-இல் மியூசிக் மேன் நிறுவனத்தின் தலைவரானார். இந்நிறுவனத்தின் தொடக்க கால மிகைப்பிகளில் முன்மிகைப்பு டிரான்சிஸ்டர் சுற்றாகவும், திறன் பகுதி வெற்றிடக் குழல்களாகவும் அமைந்திருந்தன. 1979-இல் மனைவி எஸ்தர் காலமானார். அதன்பின் நெடுநாள் நண்பரான ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் ஜி அண்டு எல் நிறுவனத்தை நிறுவினார். 1980-இல் ஃபிலிஸ் என்பவரை மறுமணம் செய்தார். நடுக்குவாத நோய்க்கு ஆளான பின்னரும் தமது பணிமனைக்குச் செல்வதை நிறுத்தவில்லை.

மறைவும் மரபும்

ஃபென்டர் மார்ச் 21, 1991 அன்று ஃபுல்லர்டனில் காலமானார். 1992-இல் ராக் அண்டு ரோல் புகழவையில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2009-இல் தொழில்நுட்பத்திற்கான கிராமி விருது இவருக்கு வழங்கப்பட்டது. இவர் தொடங்கிய நிறுவனத்தை 1985-இல் பில் ஷுல்ட்ஸ் தலைமையிலான பணியாளர் குழு திரும்ப வாங்கியது. சாம்ப், பிரின்ஸ்டன், டீலக்ஸ் ஆகியவற்றின் சுற்றுகளைப் பின்பற்றிப் பல நிறுவனங்களும் பொழுதுபோக்காளர்களும் சிறிய மிகைப்பிகளை உருவாக்கி வருகின்றனர். ஃபென்டர் திரிபைத் தவிர்க்கப் பெரிய மிகைப்பிகளைச் செய்தார். பின்வந்தோர் அதே திரிபைக் குறைந்த ஒலியளவில் பெறுவதற்காக அவரது சிறிய மிகைப்பிகளைத் தேர்கின்றனர்.