மலைச்செடியைத் தேடிய மருந்தியலார்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரமாயினும் சீனத்தின் ஒரு சிற்றூராயினும், மூச்சு முட்டித் தவிப்பவருக்கு முதலில் கைகொடுத்தது அருகில் விளைந்த மூலிகையே. நம் ஊர்களில் அது ஆடாதோடை; சீனத்தில் மா ஹுவாங். இத்தகைய மூலிகைகளுள் எது மெய்யாகவே நோயைத் தணிக்கிறது, எந்த அளவில் தணிக்கிறது, எந்த அளவைக் கடந்தால் தீங்காகிறது என்னும் வினாக்களை ஆய்வுக்கூடத்திற்குள் கொண்டுசென்றவர் இராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அவரை அழைப்பர்.

இன்று பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் 1882-ஆம் ஆண்டு பிறந்த சோப்ரா, கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். அங்கு மருந்தியல் அறிஞர் டிக்சனிடம் பெற்ற பயிற்சியே அவர் வாழ்வின் திசையை வகுத்தது. இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, முதல் உலகப்போரில் பணியாற்றியபின், 1921-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். நம் மண்ணின் மூலிகைகள் மூட்டைகளாகக் கப்பலேறிச் சென்று, புட்டிகளில் அடைத்த மருந்துகளாகப் பன்மடங்கு விலையில் திரும்பி வந்த காலம் அது. அவ்விலை கொடுக்க இயலாத ஏழை நோயாளியை மனத்திற்கொண்டே அவர் தம் ஆய்வைத் தொடங்கினார்.

அப்போது உலக மருத்துவர்களின் பார்வை மா ஹுவாங்கின்மேல் திரும்பியிருந்தது. அச்செடியிலிருந்து எபெட்ரின் என்னும் வேதிப்பொருளை 1885-இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி பிரித்திருந்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த அதன் ஆற்றலைப் பீகிங் நகரில் கே. கே. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் 1924-இல் வெளிப்படுத்தினர். அட்ரினலினைப் போலவே அது மூச்சுக்குழலை விரித்தது. ஆனால் ஊசி வேண்டியதில்லை, விழுங்கினாலே போதும். ஒவ்வாமையால் மூக்கின் உட்சவ்வு வீங்கி அடைத்துக்கொள்ளும்போது, அங்குள்ள குருதிக்குழாய்களைச் சுருக்கி அடைப்பை நீக்கியது. எனவே மூக்கில் இடும் சொட்டுமருந்தாகவும் பரவியது.

அச்செடியின் இனத்தவை நம் நாட்டிலும் உண்டு. இமயத்தின் வறண்ட சரிவுகளிலும் பலுசிஸ்தானத்திலும் வளர்ந்தவற்றைச் சோப்ராவும் அவர்தம் உடனாய்வாளரும் வரவழைத்து ஆராய்ந்தனர். எல்லா இனங்களும் ஒரே தரத்தன அல்ல. ஒரே செடியிலும் மழைக்காலத்தில் மருந்துச்சத்து குறைந்து, இலையுதிர்காலத்தில் மிகுகிறது என்பது தெரியவந்தது. செடியைப் பறிக்கும் பருவம் பார்க்கும் நம் மருத்துவர் மரபை இங்கு நினைவுகூரலாம். சில இந்திய இனங்களில் எபெட்ரினைவிடச் சூடோஎபெட்ரின் என்னும் உடன்பொருளே மிகுந்திருந்தது. அதைக் கழிவென்று ஒதுக்காமல், அதுவும் மூச்சுக்குழலை விரிக்கிறது என்று அவர் காட்டினார்.

எபெட்ரின் குறையற்றதன்று. அது குருதியழுத்தத்தை உயர்த்தும், உறக்கத்தைக் கெடுக்கும். சொட்டுமருந்தைப் பல நாள் இட்டால் மூக்கடைப்பு முன்னினும் மிகும்.

ஆடாதோடையையும் சோப்ரா ஆராய்ந்தார். அதன் வாசிசின் என்னும் பொருளை 1888-இல் பிரித்தவர், உதகமண்டலத்தில் அரசுப் பணியிலிருந்த டேவிட் ஹூப்பர். பழமையானது என்பதற்காக எதையும் ஏற்காமலும், நாட்டுமருந்து என்பதற்காக எதையும் இகழாமலும் சோதித்தவற்றைத் தொகுத்து, 1933-இல் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய பெருநூலைச் சோப்ரா வெளியிட்டார்.

கலப்பட மருந்துகளை ஆராய 1930-இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவர். அக்குழுவின் பரிந்துரைகளே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்திற்கு வழிகோலின. சோப்ரா 1973-இல் மறைந்தார். எபெட்ரினின் நிழலில் கிடந்த சூடோஎபெட்ரின் அதற்குள் பல நாடுகளின் மருந்துக்கடைகளில் மூக்கடைப்பு மாத்திரையாக இடம்பிடித்திருந்தது.