உதயகிரியில் உறங்கும் தளபதி

நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குச் செல்லும் வழியில், புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது உதயகிரிக் கோட்டை. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு நாங்கள் அங்கே சென்றோம். படைகள் போய் நெடுங்காலமாகிவிட்டது. இன்று அது வனத்துறையின் பூங்கா. மான்களைப் பார்க்கத்தான் முதலில் ஓடினோம் என்பதை மறைப்பானேன்? பிறகுதான் கூரையில்லாத சிற்றாலயத்தையும், உள்ளே ஒரு கல்லறையையும் கண்டோம். கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருந்தன. அங்கே உறங்குபவர் தளபதி டிலனாய்.

1715-இல் ஐரோப்பாவில் பிறந்த இவர், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்தார். மிளகு வாணிபத்திற்காகத் திருவிதாங்கூருடன் டச்சுக்காரர் போரிட்டனர். 1741 ஆகஸ்டு 10-இல் குளச்சலில் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை வென்றது. கைதியானவர்களுள் டிலனாயும் ஒருவர். மன்னர் அவருடைய திறமையை அறிந்து, தம் வீரர்களுக்குப் பயிற்சி அளிக்கச் செய்தார். கைதி தளபதியானார், மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றனர். உதயகிரியை அவர் பலப்படுத்தினார். பீரங்கி வார்க்கும் உலையும் இங்கேதான் இருந்தது.

அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பர். கால்நடைகளை இழந்து மனமுடைந்திருந்த அவருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார். நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குத்தான் 2022 மே 15-இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

நண்பரைக் கொன்ற அரசிலேயே டிலனாய் இன்னும் 25 ஆண்டுகள் பணிபுரிந்தார். இது எங்களுக்கு விளங்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் இதைப்பற்றியே வாதாடினோம். விலகியிருக்க வேண்டும் என்றனர் சிலர். கைதியாக வந்தவருக்குப் போக்கிடம் ஏது என்று கேட்டனர் மற்றவர்கள். அருட்சகோதரி புன்னகைத்தாரேயன்றித் தீர்ப்புச் சொல்லவில்லை.

அவர் இந்நாட்டிற்குக் கொடுத்ததும் சிறிதன்று. 20 வயது நிறையாத மகன் யோவான் 1765-இல் களக்காட்டுப் போரில் மாண்டான். தந்தை அதற்குப் பின்னும் படைகளை நடத்தினார். வடக்கே அவர் எழுப்பிய நெடுங்கோட்டையில்தான் 1789-இல் திப்பு சுல்தானின் படை வந்து மோதியது. அதைக் காண அவர் இல்லை. 1777 ஜூன் 1-இல் உதயகிரியிலேயே இறந்தார். பிறந்த நாட்டிற்கு அவர் திரும்பவேயில்லை. மனைவி மார்கரீத்தாவும் மகனும் அதே ஆலயத்தில் அவருகே உறங்குகின்றனர்.